புதுப்பிப்பு: குல்மார்க் போய் வந்தாச்சுங்க, பனி கிடைத்தது

திருப்பூரிலிருந்து நாலு பேர் பனிச்சறுக்கு பழக காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போகிறோம், ஜனவரியா பிப்ரவரியா என்று முன்பு கேட்டிருந்தேன். பிப்ரவரியில் போங்கள் என்று சொன்ன அண்ணன்களுக்கு நன்றிங்க. 2024 ஜனவரியில் அங்கே பனியே இல்லாமல் வெறும் புல் கிடந்ததை ஒருவர் நினைவுபடுத்தியதுதான் முடிவை மாற்றியது.

பத்து நாள் முன்னறிவிப்பைப் பார்க்காதீர்கள், தினமும் ஒன்று சொல்கிறது. கடைசி மூன்று நாள் கணிப்புதான் உருப்படி. ஸ்ரீநகரில் இறங்கினால் மழை. மச்சான் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், குல்மார்க் 2,650. மேலே ஏற ஏற ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குளிர் கூடும். மலையடிவாரத்தில் இருக்கும் தங்மார்க் தாண்டியதும் அதே மழை பனியாகி, மில்லில் பறக்கும் பஞ்சு மாதிரி இறங்கியது.

முதல் நாள் பனி கையில் உருண்டை பிடிக்கவில்லை. பச்சரிசி மாவாக விரலிடுக்கில் உதிர்ந்தது. சறுக்க அருமை. மூன்றாம் நாள் வெயிலில் உருகி, ராத்திரி உறைந்து, காலையில் சரளைக்கல் கணக்காகக் கரகரத்தது. பழகுகிறவர்கள் பத்து மணிக்கு மேல் இறங்குங்கள், கொஞ்சம் இளகியிருக்கும்.

அப்புறம் துணி. பனியன் ஊர்க்காரர்கள் நாங்களே உள்ளே காட்டன் போட்டுப் போய், வேர்வையில் நனைந்து நடுங்கினோம். ஊரில் சொல்லிவிடாதீர்கள்.