ஹையேஸ் வேனுக்கு டிஃபரன்ஷியல் ஆயில்: வீட்டிலேயே மாற்றலாமா?

ஈசூன் வேன்காரன்:
சிங்கப்பூர் தேக்காவில் காய்கறி ஏற்றி உணவுக்கடைகளுக்குப் போடுகிற வேலை எனக்கு. வண்டி டொயோட்டா ஹையேஸ், டீசல், மேனுவல் கியர். கொஞ்ச நாளாக வேகம் அறுபதைத் தொட்டால் பின்பக்கம் மெல்லிய ஊளைச் சத்தம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்கிவிடுகிறது. வழக்கமாக விடும் பட்டறையில் எஞ்சின் ஆயில், ஃபில்டர் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. முந்தைய ஓனர் டிஃபரன்ஷியல் (பின் ஆக்சில் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) ஆயில் மாற்றியதற்கு ஒரு பில்லும் இல்லை.

மாமாவுக்கு சிலேத்தார் பக்கம் தரைவீடு. வாசல் சமமாக இருக்கும். அங்கே வைத்து நானே மாற்றலாமா? கியர்பாக்ஸுக்கு வாங்கிய 75டபிள்யூ-90 ஜிஎல்-4 ஆயில் மீதி இருக்கிறது. அதையே ஊற்றலாமா?

செங்காங் பாலா:
தரைவீடு இருப்பதால் தப்பித்தீர்கள். வீவக அடுக்குமாடி வீடுகளின் கார்பார்க்கில் இந்த வேலையெல்லாம் செய்யக்கூடாது. நானாக இருந்தால் சின் மிங் பட்டறை ஒன்றில் விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வருவேன்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, முதலில் அந்த ஜிஎல்-4 டின்னை மூடி வையுங்கள். அது கியர்பாக்ஸுக்குத்தான், டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 வகை ஆயில் வேண்டும்.

காரணம் சொல்கிறேன். பின் ஆக்சிலில் இருப்பது ஹைப்பாய்டு கியர். பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம், கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தின் நடுவுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். அதனால் பல்லோடு பல் உருள்வது மட்டுமில்லை, சறுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்துவிடும். ஜிஎல்-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து கூடுதலாக இருப்பது இதற்காகத்தான், மூடியைத் திறந்தாலே அந்த நாற்றம் வரும். அதற்காக ஜிஎல்-5 உசத்தி என்று நினைத்து, ஜிஎல்-4 கேட்கிற கியர்பாக்ஸில் அதை ஊற்றிவிடாதீர்கள். உள்ளே கியர் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு அது ஆகாது.

எண் விஷயத்துக்கு வருவோம். ‘டபிள்யூ’ போட்ட முன் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. நம் ஊரில் விடியற்காலையிலும் இருபத்துச் சொச்சம் டிகிரி. 80டபிள்யூ-90 தாராளமாகப் போதும். கடைக்காரர் விலை கூடின சிந்தெட்டிக்கை நீட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். ஆனால் உங்கள் வண்டியில் லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) இருந்தால் அதற்கென்று தனி ஆயில். மேனுவலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வேலைக்குப் போகுமுன் ஒரு சுற்று ஓட்டுங்கள். சூடான ஆயில்தான் அடி மண்டியோடு இறங்கும். ஹையேஸ் உயரமான வண்டி, அட்டையை விரித்து அடியில் படுத்தாலே கை எட்டும். ஜாக் போடாமல் செய்வதுதான் நல்லது, வண்டி சமமாக நிற்கும். தூக்கியே தீருவேன் என்றால் முன்னும் பின்னும் சேர்த்து ஸ்டாண்டில் ஏற்றுங்கள். பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் அளவு பொய் சொல்லும். வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில் போகாதீர்கள். ஸ்பேர் டயர் இடைஞ்சலாக இருந்தால் கீழே இறக்கிவிடுங்கள்.

இப்போது முக்கியமானது: மேலே உள்ள ஃபில்லர் பிளக்கை, அதாவது ஆயில் ஊற்றும் துளையின் மூடியை, முதலில் கழற்றுங்கள். அது துருப்பிடித்து அசையவில்லை என்றால் அன்றைக்கு வேலையை அதோடு விட்டுவிடுங்கள். கீழ் பிளக்கைத் திறந்து ஆயிலை எல்லாம் வடித்த பிறகு மேல் பிளக் வராவிட்டால், வண்டியைப் பட்டறைக்குக்கூட ஓட்ட முடியாது, இழுவண்டிதான். பிளக்கின் தலை சரியாக உட்காரும் சாக்கெட் போடுங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

வடிகால் பிளக்கில் காந்தம் இருந்தால் அதைத் துடைக்கும் முன் விரலில் தொட்டுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வழவழவென்று மை மாதிரி ஒட்டினால் பயமில்லை, அது இயல்பான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குத் துணுக்கு இருந்தால் பல் உடைந்திருக்கலாம். ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மழைவெள்ளத்தில் ஓட்டினால் ப்ரீதர் (காற்று போய்வரும் சின்னத் துளை) வழியாக உறிஞ்சிக்கொள்ளும். அந்த ப்ரீதர் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி சீல் வழியாக ஆயில் கசியும், ட்ரம் பிரேக்குக்குள் போனால் வம்பு. உங்களுடையது சரக்கு வண்டி, வருஷா வருஷம் பரிசோதனை உண்டே.

புது வாஷர் போட்டுக் கீழ் பிளக்கை முடுக்கிவிட்டு, கைப்பம்பால் ஏற்றுங்கள். ஃபில்லர் துளையின் விளிம்புக்கு வந்து வழிய ஆரம்பித்ததும் நிறுத்தி, சொட்டு நின்றதும் மூடுங்கள். அதற்கு மேல் திணிக்க வேண்டாம்.

தெம்பனிஸ் ராணி:
அண்ணே, என் ஹோண்டா ஜாஸுக்கும் இது உண்டா? பட்டறையில் கேட்டால் இல்லை என்கிறார்கள்.

பழைய ஸ்பேனர்:
அவர்கள் சொல்வது சரிதாம்மா. முன்சக்கர வண்டியில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். அந்த ஆயிலை மாற்றினாலே இரண்டுக்கும் ஆயிற்று.

ஈசூன் வேன்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே. இரண்டு சந்தேகம். பழைய ஆயிலை எங்கே கொட்டுவது? மாற்றினால் சத்தம் போய்விடுமா?

பழைய ஸ்பேனர்:
கால்வாயில் மட்டும் வேண்டவே வேண்டாம். இங்கே மழைநீர்க் கால்வாய் பெரும்பாலும் நீர்த்தேக்கத்தில்தான் போய் முடிகிறது, நாளைக்கு நாம் குடிக்கிற தண்ணீர் அது. மாட்டினால் அபராதமும் உண்டு. கழிவு ஆயிலைத் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நிறுவனங்கள் பட்டறைகளிலிருந்து எடுத்துப் போகும். ஆகவே தெரிந்த பட்டறையில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, புது ஆயில் வந்த டின்னிலேயே பழையதை ஊற்றி மூடிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பிரேக் ஆயில், கூலண்ட் எதையும் அதில் கலக்காதீர்கள். வாசலில் சிந்தினால் மரத்தூளைத் தூவிப் பெருக்குங்கள், தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டாம்.

சத்தத்தைப் பற்றி உறுதி சொல்ல மாட்டேன். ஆயில் குறைந்து போயிருந்தால் அடங்கலாம். ஆக்சிலரேட்டரை விட்டால் நிற்கிறது என்கிறீர்களே, அது கிரவுன், பினியன் தேய்மானத்தின் குணம். தேய்ந்த பல்லை எந்த ஆயிலும் வளர்க்காது. சக்கர பேரிங் என்றால் காலை எடுத்தாலும் ஊளை தொடரும், வளைவில் திரும்பும்போது மாறும். ஆயில் மாற்றிவிட்டு பிஐஇ விரைவுச்சாலையில் காய்கறி இல்லாமல் ஒரு தடவை, ஏற்றிக்கொண்டு ஒரு தடவை ஓட்டிக் கேளுங்கள். காந்தத்தில் என்ன இருந்தது என்று படம் எடுத்துப் போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.