100 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ஃபேஸ் பார்க்கும் வித்தை

ஒற்றைமைக்
டாப், சப் இரண்டின் ஒலியலைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா (இதைத்தான் ஃபேஸ் என்பது) என்று பார்க்க ஒரு வீடியோ சுற்றி வருகிறது. டாப்புக்கும் (நடு, மேல் ஒலிப் பெட்டி) சப்புக்கும் (அடியொலிப் பெட்டி) ஒரே நேரத்தில் 100 ஹெர்ட்ஸ் சைன் டோன், அதாவது ஒரே அதிர்வெண்ணில் நீளும் ஒலி, அனுப்ப வேண்டுமாம். சப்பில் ஃபேஸ் பொத்தானைத் தட்டித் அலையைத் தலைகீழாக்கிவிட்டு டிலேயை (ஒலியைத் தாமதப்படுத்தும் அளவை) நகர்த்த வேண்டுமாம். சத்தம் எங்கே அடியோடு விழுகிறதோ அங்கே நிறுத்திப் பொத்தானை எடுத்துவிட்டால் வேலை முடிந்ததாம். "அளவு மைக் எல்லாம் வீண் செலவு" என்று வேறு சொல்கிறார் அந்த மகான். கீழே ஒரே கைதட்டல். அப்படியானால் ஒலியை அளக்க நாங்கள் மைக்கும் லேப்டாப்பும் தூக்கிக்கொண்டு அலைவது ஃபோட்டோ எடுக்கவா?

ஃபேடர்வேந்தன்
மகான் சொன்னதில் தப்பே இல்லை. இரண்டு பெட்டியும் ஒரே அளவு சத்தத்தில், ஒரே ஃபேஸில் இருந்தால் கூட்டும்போது 6 டெசிபெல் ஏறும். ஒரு முழுச் சுற்றான 360 டிகிரியில் 30 டிகிரி பிசகினாலும் 5.7 ஏறும். அந்த 0.3-ஐ எந்தக் காதும் கண்டுபிடிக்காது. அதனால்தான் ஏற்றத்தைத் தேடாமல், சத்தம் விழும் குழியைத் தேடுகிறோம். தலைகீழாக்கிய நிலையில் சரியான இடத்தில் ஏறக்குறைய அமைதி. அதே 30 டிகிரி பிசகினால், ஒரு பெட்டி மட்டும் ஓடும்போது வருவதைவிட 6 டெசிபெல்தான் குறைவு. இந்த வித்தியாசம் தூங்குகிறவனுக்கும் தெரியும். லேப்டாப் வாங்கித் தொலைத்துவிட்டோமே என்பதற்காக இதைப் பழிக்க வேண்டாம்.

ஒற்றைமைக்
கணக்கு வாத்தியாரே, 100 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று எவ்வளவு நேரம்? 10 மில்லி செகண்ட். சப் சரியான இடத்திலிருந்து 10 மில்லி செகண்ட் தள்ளிப் போனாலும் உங்கள் குழி அதே ஆழத்தில் வரும். எந்தச் சுற்றோடு எந்தச் சுற்று சேர்ந்தது என்று சைன் டோனுக்குத் தெரியாது. 100-ல் எல்லாம் அழகாக இருக்கும், 80-லும் 120-லும் 72 டிகிரி விலகி நிற்கும்.

ஃபேடர்வேந்தன்
72 டிகிரி விலகினாலும் 4 டெசிபெல் ஏறத்தான் செய்கிறது. குடி முழுகிவிடவில்லை. அப்புறம், 10 மில்லி செகண்ட் என்றால் சுமார் 3.4 மீட்டர். சப் அவ்வளவு தூரம் தள்ளி நிற்பதைப் பார்க்கக் கண் இல்லையா? ஒரு டேப்பை வைத்து அளந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மேடையோரம்
டேப் பெட்டியின் முகப்பைத்தான் அளக்கும். மடிப்பு ஹார்ன் சப்பில் ஒலி பெட்டிக்குள்ளேயே சுற்றிவிட்டுத்தான் வெளியே வருகிறது. ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் ப்ராசஸர் தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதிக்கும். மேல் அதிர்வெண்களை வெட்டும் லோ பாஸ் ஃபில்டரும் சேர்த்துத் தாமதிக்கும். இது எதையும் டேப் காட்டாது. பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தும் மில்லி செகண்ட் கணக்கில் விலகலாம்.

ஃபேடர்வேந்தன்
விலகலாம். 10 விலகுமா? அதைச் சொல்லுங்கள்.

ஒற்றைமைக்
விலகினால் உங்கள் டோன் காட்டிக்கொடுக்குமா? அதை நீங்கள் சொல்லுங்கள். 60-க்கும் 140-க்கும் வாருங்கள், 144 டிகிரி. அங்கே இரண்டும் சேர்ந்தால் ஒரு பெட்டியைவிட 4 டெசிபெல் குறைவு.

ஃபேடர்வேந்தன்
இதைத்தான் அரைகுறை என்பது. 100-ல் 24 டெசிபெல் லிங்க்விட்ஸ் ரைலி கிராஸ்ஓவர் (ஒலியை டாப்புக்கும் சப்புக்கும் பிரித்துக்கொடுக்கும் ஃபில்டர்) போட்டிருந்தால், 140-ல் சப் டாப்பைவிட ஏறக்குறைய 12 டெசிபெல் கீழே இருக்கும். 60-ல் டாப் சப்பைவிட இன்னும் கீழே. ஒருவர் கத்தும்போது மற்றவர் முணுமுணுத்தால் எதை எது அடித்துக்கொள்ளும்?

ஒற்றைமைக்
புத்தகத்தில் அப்படி. நிஜத்தில் நீங்களே சப்பை 10 டெசிபெல் தூக்கி வைத்துத்தான் ஓட்டுவீர்கள், போன மாதத் திரியில் பெருமையாக எழுதியிருந்தீர்கள். தூக்கிய பிறகு இரண்டும் சமமாகும் இடம் 100-ஐ விட்டு மேலே போய்விடும். 100-ல் 10 டெசிபெல் வித்தியாசம் இருந்தால் குழியின் ஆழமும் 3 டெசிபெல்தான். எந்தக் குழியைத் தேடுவீர்கள்?

ஃபேடர்வேந்தன்
பழைய திரியை இங்கே இழுப்பது யார் வழக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் சமமாக வைத்து டிலேயைப் பிடிக்க வேண்டும், தூக்குவது அதற்கப்புறம். இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும்?

நாலாம்பஸ்
நடுவில் வருகிறேன். ஸ்நேர் டிரம்முக்கு மேலே ஒரு மைக், கீழே ஒரு மைக் வைக்கிறேன். இரண்டையும் சேர்த்தால் சத்தம் மெலிந்துவிடுகிறது. ஆனால் மாஸ்டரில் (மிக்ஸரின் இறுதி வெளியீட்டில்) கோரிலேஷன் மீட்டர் +1 காட்டுகிறது. அப்படியானால் ஃபேஸ் சரிதானே?

மேடையோரம்
அந்த மீட்டர் இடது, வலது இரண்டையும்தான் ஒப்பிடும். இரண்டு மைக்கையும் நடுவில் பேன் செய்திருந்தால், ஒன்றையொன்று தின்று தீர்த்த பிறகு மிஞ்சியது இரு பக்கமும் சமமாகப் போகும். மீட்டர் சந்தோஷமாக +1 காட்டும். தோலை மேலிருந்து அடிக்கும்போது இரண்டு தோலும் கீழே நகரும். மேல் மைக்கை விட்டு விலகும், கீழ் மைக்கை நோக்கி வரும். கீழ் மைக்கில் பொத்தானை அழுத்தி, அழுத்தாமல் என இரண்டையும் கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் அழுத்தினால்தான் உடம்பு வரும்.

ஃபேடர்வேந்தன்
"பெரும்பாலும்" எல்லாம் இல்லை. அழுத்து, முடிந்தது.

மேடையோரம்
டிரம்ஸுக்கு மேலே நிற்கும் ஓவர்ஹெட் மைக்கோடு சேர்த்துக் கேட்கவே வேண்டாமா? அது ஒரு மீட்டர் மேலே இருந்தால் 3 மில்லி செகண்ட் பிந்தி வரும். பொத்தான் அங்கே என்ன செய்யும்?

ஃபேடர்வேந்தன்
திரி சப்பைப் பற்றியது. ஓவர்ஹெட்டுக்குத் தனித் திரி தொடங்குங்கள், அங்கேயும் வந்து பதில் சொல்கிறேன்.

ஒற்றைமைக்
வருவீர்கள், சந்தேகமே இல்லை. 10 மில்லி செகண்டுக்கு மட்டும் பதில் வராது. சரி, இன்னொன்று. அரங்குக்குள் சைன் டோனை நிறுத்தாமல் ஓடவிட்டால் சுவரில் பட்டுத் திரும்பி வருவதும் சேர்ந்துதான் காதில் விழும். மிக்ஸர் இருக்கும் இடத்தில் கேட்கும் குழி பெட்டிகளுடையதா, சுவருடையதா?

ஃபேடர்வேந்தன்
உங்கள் அளவு மைக்கும் அதே இடத்தில்தானே நிற்கிறது? அதற்கு மட்டும் சுவர் வழிவிடுமா?

ஒற்றைமைக்
வழிவிடாது. ஆனால் லேப்டாப் திரையில் எல்லா அதிர்வெண்ணிலும் ஃபேஸ் கோடு தெரியும், கோஹெரன்ஸ் (அளவை எவ்வளவு நம்பலாம் என்ற குறி) விழும் இடத்தை நம்பாதே என்று அதுவே சொல்லும். கோட்டின் சாய்வைப் பார்த்தால் ஒரு சுற்று தள்ளிப்போனது பளிச்சென்று தெரியும். டோன் எப்போதாவது "என்னை நம்பாதே" என்று சொல்லியிருக்கிறதா?

ஃபேடர்வேந்தன்
கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் சிலருக்குப் பாட்டே கேட்காமல் போய்விட்டது. திரையில் கோடுகள் ஒட்டி நிற்கும், கீழே கிக் டிரம் எங்கே என்று கூட்டம் தேடும். நான் டோன் போட்டு, குழி பிடித்து, பிறகு கிக்கை மட்டும் ஓடவிட்டு அரங்கில் நடந்து கேட்பேன். ஒரு சுற்று தள்ளியிருந்தால் அடி இரண்டாகப் பிளந்து கேட்கும்.

மேடையோரம்
அப்படியென்றால் டோன் மட்டும் போதாது என்று நீங்களே சொல்கிறீர்கள்.

ஃபேடர்வேந்தன்
அப்படிச் சொல்லவில்லை. டோன் போதும், கிக் ஒரு திருப்திக்கு. வார்த்தையைப் பிடித்துத் தொங்குவதை விட்டுவிட்டு முதல் பதிவில் நான் போட்ட கணக்கில் எங்கே தப்பு என்று காட்டுங்கள்.

ஒற்றைமைக்
கணக்கில் தப்பில்லை, 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை அதே கணக்கு திரும்பத் திரும்பச் சரியாக வருவதுதான் சிக்கல்.

ஃபேடர்வேந்தன்
மறுபடியும் 10! டேப்பை வாங்குங்கள் ஐயா.