ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஜாவா: குறை என் நிரலிலா, இடத்திலா?

புதுஇலை:
எங்கள் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டை ஸ்பிரிங் பூட்டில் (ஜாவாவில் வலை அப்ளிகேஷன் எழுதும் கட்டமைப்பு) எழுதி, வார் கோப்பாக (சர்வரில் ஏற்றும் ஜாவாப் பொதி) ஷேர்டு ஹோஸ்டிங்கில் (ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிரும் இடம்) ஏற்றியிருக்கிறேன். ஜாவா 8, எனக்கென்று தனி டாம்கேட் (வார் கோப்பை ஓட்டும் ஜாவா சர்வர் மென்பொருள்), ஹீப் (ஜாவா தன் தரவை வைக்கும் நினைவகம்) 128 எம்பி. வீட்டு மடிக்கணினியில் வாரக்கணக்கில் சிக்கலில்லாமல் ஓடுகிறது. அங்கே இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை படுத்துவிடுகிறது. புது நேட்டிவ் த்ரெட் (புராசஸுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) உருவாக்க முடியவில்லை என்று லாக்கில் அவுட் ஆஃப் மெமரி எரர். நிறுவனத்தைக் கேட்டால், "உங்கள் கணக்குக்கு வரம்பு 100 புராசஸ், நீங்கள் தாண்டுகிறீர்கள்" என்கிறார்கள். நான் ஓட்டுவது ஒரே ஒரு ஜாவா புராசஸ். இதில் நூறு எங்கிருந்து வந்தது?

கதிர்நிழல்:
லினக்ஸ் அந்த வரம்புக்கு த்ரெட்டையும் சேர்த்தே எண்ணும். நூறு அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் நீங்கள் மாட்டிக்கொண்டது அதைவிடப் பெரிய பொருத்தமின்மையில். ஷேர்டு ஹோஸ்டிங் பிஎச்பியை நம்பி வளர்ந்த ஏற்பாடு. கோரிக்கை வரும், ஸ்கிரிப்ட் ஓடும், பக்கத்தைக் கொடுத்ததும் வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்களை அடுக்க முடிவதே, எந்த நொடியிலும் அவற்றில் சிலதான் விழித்திருக்கும் என்பதால். ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) தூங்கப் போகாது. யாரும் வராத நள்ளிரவிலும் ஹீப், மெட்டாஸ்பேஸ் (கிளாஸ்களின் விவரங்கள் இருக்கும் இடம்), ஜேஐடி (ஓடும்போதே நிரலைத் தொகுக்கும் பகுதி) தொகுத்து வைத்த நிரல், டேட்டாபேஸ் இணைப்புகள் எல்லாவற்றையும் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும். ஹீப் 128 என்று நீங்கள் போட்டது ஹீப்புக்கு மட்டும்தான், மற்றதெல்லாம் அதற்கு மேலே. சின்ன விபிஎஸ் (உங்களுக்கென்று தனி மெய்நிகர் சர்வர்) ஒன்றுக்கு மாறிவிடுங்கள்.

வடகாற்று:
கதிர்நிழல், நோய் என்னவென்று பார்க்காமலே வீட்டை மாற்றச் சொல்கிறீர்கள். ஹோஸ்டிங் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். தனி ஜேவிஎம் கொடுக்கும் இடத்தில் சின்ன ஜாவா அப்ளிகேஷன்கள் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

புதுஇலை, ஒரு சின்ன ஜேஎஸ்பி பக்கம் (ஜாவா கலந்த வலைப்பக்கம்) எழுதி, அதிலிருந்து லினக்ஸ் அந்தப் புராசஸின் நிலையைக் காட்டும் /புராக்/செல்ஃப்/ஸ்டேட்டஸ் கோப்பைப் படித்துப் பாருங்கள். ஷெல் அனுமதி தேவையில்லை. த்ரெட்ஸ், விஎம்ஆர்எஸ்எஸ் (பிடித்திருக்கும் நினைவகம்) என்ற இரண்டு வரிகள் போதும். ஜாவாவுக்கு எத்தனை கோர் தெரிகிறது என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள். பார்த்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள்.

புதுஇலை:
பார்த்தேன். யாருமே உள்ளே இல்லாத நேரத்தில் த்ரெட் 71. நினைவகம் 318 எம்பி. கோர் 32.

வடகாற்று:
32 கோர் என்றதுமே விஷயம் தெரிந்துவிட்டது. மொத்த சர்வரும் தனக்குத்தான் என்று உங்கள் ஜேவிஎம் நம்பிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட பெரிய சர்வரில் ஜாவா 8 தானாகவே பேரலல் ஜிசியை (பயன்படாத நினைவகத்தைப் பல த்ரெட்களால் துப்புரவாக்கும் முறை) தேர்ந்தெடுக்கும். அதற்கு எத்தனை த்ரெட் என்பதற்குக் கணக்கு உண்டு: முதல் 8 கோருக்கு 8, மீதிக்கு எட்டில் ஐந்து பங்கு. 32 கோருக்கு 8 + 15, ஆக 23. உங்கள் 128 எம்பி ஹீப்பைக் கூட்டிப் பெருக்க 23 ஆட்கள்! ஜேஐடிக்கு வேறு தனியாகப் பல த்ரெட்கள். மடிக்கணினியில் கோர் குறைவு, அதனால் அங்கே இது தெரியவே தெரியாது.

டாம்கேட்டில் மேக்ஸ்த்ரெட்ஸ் (கோரிக்கைகளைக் கவனிக்கும் த்ரெட்களின் உச்சவரம்பு) சொல்லாமல் விட்டால் 200. நாலு பேர் ஒரே நேரத்தில் வந்து பக்கத்துக்குப் பக்கம் படம் கேட்டாலே நூறைத் தொட்டுவிடும்.

டாம்கேட் பின் கோப்புறையில் செட்என்வி கோப்பு உருவாக்கி, சீரியல் ஜிசி (ஒரே த்ரெட்டில் துப்புரவு) என்று போடுங்கள். சர்வர் எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு கனெக்டருக்கும் (கோரிக்கைகள் நுழையும் வாயில்) மேக்ஸ்த்ரெட்ஸ் 20, மின்ஸ்பேர்த்ரெட்ஸ் (சும்மா இருக்கும்போதும் வைத்திருக்கும் த்ரெட்கள்) 4. ஹிகாரி என்ற டேட்டாபேஸ் இணைப்புத் தொகுப்பு இயல்பாக 10 இருக்கும், 3 ஆக்குங்கள்.

கதிர்நிழல்:
நல்ல வைத்தியம், மறுக்கவில்லை. ஆனால் அவருக்குத் தனி டாம்கேட் கிடைத்திருப்பதால்தான் இந்த வைத்தியம் செல்லுபடியாகிறது. ஒரே டாம்கேட்டில் பல வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் இடத்தில் இதில் ஒரு வரியைக்கூடத் தொட விடமாட்டார்கள்.

அப்படி ஓர் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். பக்கத்துக் கணக்குக்காரர் ஒருவர் ஒரே காலையில் தன் வார் கோப்பை ஏழெட்டு முறை மாற்றி மாற்றி ஏற்றினார். ஒவ்வொரு முறையும் பழைய கிளாஸ்லோடர் (அப்ளிகேஷனின் கிளாஸ்களை ஏற்றும் பகுதி) போகாமல் தங்கியது, பெர்ம்ஜென் (கிளாஸ் விவரங்களுக்கான பழைய நினைவக இடம்) நிரம்பியது, எல்லோருடைய தளமும் சேர்ந்து விழுந்தது. ரீஸ்டார்ட் நள்ளிரவில்தான் என்பது அந்த இடத்தின் விதி. என் பக்கத்தில் தவறு ஒன்றுமில்லாமல் ஒரு முழு வேலை நாள் என் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நாளை இன்னும் மறக்க முடியவில்லை. 2014இல் ஜாவா 8 பெர்ம்ஜென்னை எடுத்துவிட்டு மெட்டாஸ்பேஸைக் கொண்டுவந்தது சரிதான், ஆனால் கசிவுக்கான காரணம் அப்படியேதான் இருக்கிறது. ஒரே ஒரு த்ரெட்லோக்கல் (த்ரெட்டோடு ஒட்டியிருக்கும் மாறி), அல்லது பதிவு நீக்காமல் விட்ட ஒரு ஜேடிபிசி டிரைவர் (டேட்டாபேஸோடு பேசும் நிரல்) போதும், பழைய அப்ளிகேஷன் முழுவதும் நினைவகத்தில் கிடக்கும்.

அண்டை வீட்டாரைப் பிரித்துவைக்க ஜாவாவில் இருந்த செக்யூரிட்டி மேனேஜரும் போய்விட்டது. ஜாவா 17இல் நீக்கப்போவதாக அறிவித்தார்கள், 2025இல் வந்த ஜாவா 24இல் நிரந்தரமாகவே முடக்கிவிட்டார்கள். டாம்கேட் 11இல் அதற்கான ஆதரவே கிடையாது. ஒரே ஜேவிஎம்முக்குள் முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்து வைப்பதற்கு இனி ஜாவா பக்கத்திலிருந்து எந்தப் பூட்டும் இல்லை.

தறிநூல்:
இன்னொன்றையும் சேர்க்கிறேன். முன்னால் அப்பாச்சி, பின்னால் டாம்கேட் என்று மாட்-ஜேகே (அப்பாச்சியை டாம்கேட்டோடு இணைக்கும் செருகி) வழியாக இணைக்கும் இடங்கள் சிலவற்றில் .ஜேஎஸ்பி என்று முடியும் முகவரிகளை மட்டும்தான் டாம்கேட்டுக்கு அனுப்புவார்கள். ஸ்பிரிங்கில் /உறுப்பினர்/25 என்று முகவரி வைத்தால் அது டாம்கேட்டை எட்டவே எட்டாது, அப்பாச்சியே 404 கொடுத்து அனுப்பிவிடும். நிரலில் தவறு தேடி ஒரு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். வெப்சாக்கெட்டும் (உலாவிக்கும் சர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பு) அந்த வழியில் வேலை செய்யாது.

பதிப்புப் பிரச்சினையும் உண்டு. ஸ்பிரிங் பூட் 3க்கு ஜாவா 17 வேண்டும், டாம்கேட் 10 வேண்டும், ஏனென்றால் ஜாவாஎக்ஸ் என்ற பெயர்வெளி ஜகார்த்தா ஆகிவிட்டது. ஹோஸ்டிங்கில் டாம்கேட் 8.5 மட்டும் இருந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அந்தப் பதிப்புக்கு 2024 மார்ச்சோடு ஆதரவு முடிந்துவிட்டது.

வடகாற்று:
ஒரே டாம்கேட்டில் பலர் என்ற ஏற்பாட்டுக்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன். அது இருக்கவே கூடாது. ஆனால் விபிஎஸ் என்று இங்கே எல்லோரும் சுலபமாகச் சொல்வதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. விபிஎஸ் வாங்கிய அன்றே ரூட்டில் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) ஜாவாவை ஓட்டி, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் 3306 போர்ட்டை உலகத்துக்கே திறந்துவைத்து, இரண்டு வருடம் ஒரு அப்டேட்கூடப் போடாமல் விட்டவர்களின் சர்வர்களை நான் கழுவியிருக்கிறேன். 2020 பிப்ரவரியில் டாம்கேட்டின் கோஸ்ட்கேட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, எங்கள் ஷேர்டு சர்வர்களை நாங்கள் உடனே அடைத்தோம். வாடிக்கையாளர்களின் விபிஎஸ்களில் மாதங்கள் கழித்தும் அந்த ஓட்டைக்கு வழியான 8009 போர்ட் திறந்தே கிடந்தது. அவற்றில் இருந்ததும் உறுப்பினர் பட்டியல்கள்தான்: முகவரி, தொலைபேசி எண் எல்லாம். புதுஇலை வைத்திருப்பதும் அதே மாதிரித் தகவல்.

கதிர்நிழல்:
அந்தக் கவலை நியாயம். ஆனால் கோஸ்ட்கேட் ஏஜேபி கனெக்டர் (அப்பாச்சி டாம்கேட்டோடு பேசும் வாயில்) வழியாக வந்த ஓட்டை. ஸ்பிரிங் பூட்டை அதற்குள்ளேயே இருக்கும் டாம்கேட்டோடு ஜார் கோப்பாக ஓட்டினால் ஏஜேபி திறக்கவே திறக்காது. வெளியே தெரிய வேண்டியது 22, 80, 443 என்ற மூன்று போர்ட்கள் மட்டும். மூன்று கதவைக் காவல் காக்கக் கற்றுக்கொள்ள ஒரு வார இறுதி போதும் என்பது என் அனுபவம். நினைவகத்தை மட்டும் குறைத்து வாங்கிவிடாதீர்கள். 512 எம்பியில் ஜாவாவும் மைஎஸ்கியூஎல்லும் சேர்ந்தால் அங்கேயும் லினக்ஸின் ஓஓஎம் கில்லர் (நினைவகம் தீர்ந்தால் புராசஸைக் கொல்லும் பகுதி) வந்து பெரும்பாலும் ஜாவாவையோ மைஎஸ்கியூஎல்லையோ பிடிக்கும். ஜாவாவைப் பிடித்தால் ஜாவா லாக்கில் ஒரு வரிகூட இருக்காது, கர்னல் லாக்கில்தான் தேட வேண்டும்.

வடகாற்று:
ஒரு வார இறுதியில் கற்றுக்கொள்ளலாம். மூன்றாவது வருடம் அப்டேட் போட அவருக்கு நேரம் இருக்குமா என்பதுதான் என் கேள்வி. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.

புதுஇலை:
சொன்னபடி மாற்றினேன். சும்மா இருக்கும்போது த்ரெட் 71லிருந்து 36க்கு இறங்கிவிட்டது. நினைவகம் 228 எம்பி. இன்றோடு பதினொரு நாள், ஒருமுறைகூட விழவில்லை. நள்ளிரவில் எழுந்து பார்க்கும் பழக்கம் போய்விட்டது, வடகாற்று ஐயாவுக்கு மிக்க நன்றி.

ஆனால் அந்த சர்வரில் ஜாவா 8ஐத் தாண்ட வழியே இல்லை என்று எழுத்தில் பதில் வந்துவிட்டது. அதனால் உறுப்பினர் புதுப்பிப்பு மாதம் முடியும்வரை இங்கேயே இருந்துவிட்டு, பிறகு 2 ஜிபி விபிஎஸ்ஸுக்குப் போகிறேன். ஃபயர்வால் அமைக்கும்போது இங்கேயே வந்து கேட்பேன்.

வடகாற்று:
கேளுங்கள், சொல்கிறேன். ஜாவாவுக்கென்று ரூட் அல்லாத தனிப் பயனர், தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட், கடவுச்சொல் இல்லாமல் சாவி வழி மட்டும் எஸ்எஸ்எச்: இந்த மூன்றும் முடியும்வரை டேட்டாபேஸை அங்கே கொண்டுபோக வேண்டாம். கொண்டுபோகும் முன் பேக்கப் எடுத்து, மடிக்கணினியில் ரீஸ்டோர் செய்து, உறுப்பினர் எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.