வணங்காமல் தொடங்கிய ஆட்டம்

நாற்பதில் வெள்ளைப்பட்டை:

இரண்டு ஜூடோ கிளப்புகளில் பயின்றவன் நான். முதல் கிளப்பில் ஒன்றரை மணி நேர வகுப்பில் கால் மணி நேரம் மரியாதைக்கே போய்விடும். பாயில் ஏறும்போது ஒரு வணக்கம். வரிசையில் நின்று ஒரு வணக்கம். உட்காரும்போது இடது முழங்கால் முதலில் தரையைத் தொட வேண்டும். எழும்போது வலது பாதம் முதலில் ஊன்ற வேண்டும். மாற்றிச் செய்தால் மாஸ்டர் திட்டமாட்டார். நாமாகவே எழுந்து மறுபடி சரியாக உட்காரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். அதற்குத் திட்டே மேல். பிறகு கண்களை மூடி மொக்குசோ என்ற தியானம். என் கால் மரத்துப்போகும். மனம் அடங்கியதாக ஒருநாளும் நினைவில்லை.

வேலை மாறியதால் இரண்டாவது கிளப்பில் சேர்ந்தேன். அங்கே சடங்கு எதுவும் கிடையாது. ரப்பர் பட்டையைத் தூணில் கட்டி இழுக்க வேண்டும், கையில் நாடித்துடிப்புக் கருவி, செல்பேசியில் வீச்சைப் படம்பிடித்து நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். அப்பாடா என்றிருந்தது.

மூன்றாவது வாரம் ரண்டோரி, அதாவது இருவர் மோதிப் பார்க்கும் பயிற்சி ஆட்டம். எதிரே நின்றவர் அவிழ்ந்த பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்து நிமிர்ந்தார். அது போதும் என்று நினைத்தேன். பாய்ந்து பிடித்து, காலை வாரி மல்லாத்தும் ஓசோட்டோ காரி போட்டேன். அவர் அந்த நொடியில் பயிற்சியாளர் ஏதோ சொன்னதைக் கேட்கத் தலையைத் திருப்பியிருந்தார். விழுந்தபோது கை பாயை அறையவில்லை, தோள்தான் இறங்கியது. காய்ந்த சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம். கழுத்துப்பட்டை எலும்பு.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் முதல் கிளப்பில் இது நடந்திருக்காது என்று எனக்குத் தெரியும். அங்கே இருவரும் குனிந்து நிமிர்ந்து, கண்ணைப் பார்த்த பிறகுதான் கை நீளும். உங்களுக்கு இப்படி ஏதாவது நேர்ந்திருக்கிறதா? சடங்கு பெரிதா, பயிற்சி பெரிதா என்ற பட்டிமன்றம் வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள்.

இடது பிடி:

நண்பரே, எலும்பை முறித்தது உங்கள் அவசரம். அதை வணக்கத்தின் கணக்கில் எழுதாதீர்கள். எங்கள் கிளப்பில் ஒருவர் இருந்தார். நெற்றி பாயைத் தொடும் அளவுக்குக் குனிவார். நிமிர்ந்ததும் புதியவர்களின் முழங்கையை முறுக்கிவிட்டுத்தான் மறுவேலை. 'தயாரா?' என்று வாய் திறந்து ஒரு சொல் கேட்டாலே போதுமே.

ஆயிரம் உச்சிகோமி:

எட்டு ஆண்டுகள் தினமும் நூறு உச்சிகோமி போட்டேன். வீசாமல், உள்ளே நுழைந்து இழுத்துவிட்டு வெளியே வருவது. எதிராளி மரம்போல நிற்பார். சட்டைக் கையைப் பிடித்த கையைக் கடிகாரத்தில் மணி பார்ப்பதுபோலக் கண் உயரத்துக்குத் தூக்க வேண்டும். என் உச்சிகோமியைப் பார்க்கிறவர்கள் கறுப்புப்பட்டை என்று நினைப்பார்கள். ரண்டோரியில் செயோய் நாகே என்ற தோள்வழி வீச்சு ஒன்றுகூட விழாது.

ஏன் என்று புரிய ஒரு பெண் பயிற்சியாளர் வர வேண்டியிருந்தது. என் போட்டிக் காணொளியையும் உச்சிகோமிக் காணொளியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார். போட்டியில் அந்தக் கை ஒருமுறைகூடக் கண் உயரத்துக்குப் போகவில்லை. எதிராளி இழுத்துக்கொண்டிருக்கும்போது எப்படிப் போகும்? எட்டு ஆண்டுகளாக நான் பழகியது வேறொரு அசைவு.

அவர் கொடுத்த பயிற்சி சிறுபிள்ளை விளையாட்டுபோல இருந்தது. இருவரும் பிடித்துக்கொண்டு நகர வேண்டும், வீசக்கூடாது. எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை மட்டும் 'வலது', 'இடது' என்று உரக்கச் சொல்ல வேண்டும். முதல் வாரம் பாதிக்குப் பாதி தவறு. கண்ணால் பார்த்துச் சொன்னேன். அதற்குள் கால் மாறிவிடும். மார்பில் பிடித்த முஷ்டி வழியாக எடை தெரிய ஆரம்பித்த பிறகுதான் விடை சரியாக வந்தது. மூன்றாவது மாதம் ஒரு செயோய் விழுந்தது. எப்படி நுழைந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பழைய முறையை இப்படிக் குறை சொன்னால் எங்கள் மூத்தவர்களுக்குக் கோபம் வருகிறது. ஜூடோவைத் தோற்றுவித்த கானோ 1882இல் எய்ஷோஜி கோயிலில் ஒன்பது மாணவர்களோடும் பன்னிரண்டு பாய்களோடும் தொடங்கியபோது அவரே ஜுஜுட்சு என்ற பழைய சண்டைக் கலைப் பள்ளிகளின் ஆபத்தான பிடிகளைக் கழித்துக்கட்டிய சீர்திருத்தக்காரர்தான். 'டான்' என்ற கறுப்புப்பட்டைப் படிநிலைகூட 'கோ' பலகை ஆட்டத்தில் இருந்து எடுத்துக்கொண்டது. நமக்குப் பாட்டன் சொத்தாகத் தெரிவது அன்றைக்குப் புத்தம் புதுச் சரக்கு.

பழைய பாய்:

உச்சிகோமி பற்றி மேலே சொன்னவரோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். கால்வாசிக்கு என் கதை.

கறுப்புப்பட்டைத் தேர்வுக்கு நாகே நோ காட்டா பழகச் சொன்னார்கள். முன்பே வகுத்த வரிசையில் ஜோடியாகச் செய்துகாட்டும் வீச்சுகள் அவை. ஐந்து தொகுதி, தொகுதிக்கு மூன்று, ஆகப் பதினைந்து வீச்சுகள். ஒவ்வொன்றும் வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. நான் போட்டி ஆடுகிறவன். இதைக் கல்யாண வீட்டுக் கோலாட்டம் என்று கேலி செய்தேன். எனக்கு ஜோடியாக வாய்த்தவர் அறுபதைத் தாண்டியவர், என் எடையில் முக்கால்தான் இருப்பார்.

முதல் வீச்சு உகி ஒட்டோஷி. இதில் இடுப்பும் இல்லை, காலும் இல்லை. மூன்றடி பின்வாங்கி, ஒரு முழங்காலில் இறங்கி, சட்டையை இழுப்பார். எதிராளி பறக்க வேண்டும். ஆறு வாரம் நானாகவே குதித்துப் பறந்தேன். அவருக்கும் அது தெரியும். "உதவிக்கு நன்றி" என்பார் ஒவ்வொரு தடவையும், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஒருநாள் எனக்குக் களைப்பு. குதிக்க மனமில்லாமல் நடந்தேன். மூன்றாவது அடியில் என் வலது பாதம் தரையை எட்டுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது அவர் முழங்கால் இறங்கியது. உலகம் தலைகீழாகப் போனது. மல்லாந்து கிடந்தபடி கூரை விளக்கைப் பார்த்தேன். குசுஷி, குசுஷி என்று, எதிராளியின் நிலையைக் குலைப்பதைப் பத்து ஆண்டு சொல்லிக்கொடுத்தது அன்றுதான் முதுகில் ஏறியது.

இதே காட்டாவுக்கு 2009 முதல் உலகப் போட்டி நடத்தி மதிப்பெண் போடுகிறார்கள். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. அந்தப் பெரியவருக்கு யார் மதிப்பெண் போடுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் மரபு என்ற பெயரில் மூங்கில் வாளால் அடியும் விழுந்தது. ஜப்பானிலேயே தேசிய அணி வீராங்கனைகள் 15 பேர் பயிற்சியில் நடந்த அடி உதை பற்றிப் புகார் செய்தது 2013இல் வெளியே வந்து, தலைமைப் பயிற்சியாளர் பதவி விலகினார். அதற்கு முந்தைய ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பான் ஆண்களுக்கு ஒரு தங்கமும் இல்லை. பிறகு ஆண்கள் அணிக்குப் பொறுப்பேற்ற கோசெய் இனோவே உடற்பயிற்சி அறிவியலையும் உணவுமுறையையும் உள்ளே கொண்டுவந்தார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் ஐந்து, பெண்கள் நான்கு, மொத்தம் ஒன்பது தங்கம். அடியைக் கைவிட்டதால் ஜூடோ ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பிள்ளையைக் கொண்டுவிடுகிறவர்:

நான் ஆடுவதில்லை, ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். என் மகளுக்கு ஒன்பது வயது. முதல் இரண்டு மாதம் வீச்சே கிடையாது, விழுவதற்கு மட்டும் பயிற்சி. தாடையை நெஞ்சோடு ஒட்டி, பட்டையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே பின்னால் விழ வேண்டும். பணம் கட்டுவது இதற்கா என்று அப்போது எரிச்சல் வந்தது. பின்னந்தலை பாயில் மோதினால் மூளைக்குள் இரத்தம் கசியலாம் என்று பயிற்சியாளர் உட்காரவைத்து விளக்கிய பிறகு வாயை மூடிக்கொண்டேன். வெற்றிக்கு அவசரப்படும் என் போன்ற பெற்றோருக்காகவோ என்னவோ, ஜப்பானில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் தேசியத் தனிநபர்ப் போட்டியையே 2022இல் நிறுத்திவிட்டார்கள்.

இடது பிடி:

பழைய பாய் ஐயா சொன்ன பெரியவரை நான் பார்த்திருந்தால் முதல் பதிலை இவ்வளவு வெடுக்கென்று எழுதியிருக்க மாட்டேன். ஒன்று ஒப்புக்கொள்கிறேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க் ஜப்பானின் காமினாகாவை அமுக்கி வென்றதும் டச்சு ஆதரவாளர்கள் பாயை நோக்கி ஓடிவந்தார்கள். அவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். எடை தூக்கி வளர்த்த அந்த மாமிச மலைக்கு அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நாற்பதில் வெள்ளைப்பட்டை:

எல்லாருக்கும் நன்றி. அந்த நண்பர் போன வாரம் திரும்பி வந்தார். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் ஆட்டத்துக்கு அவரே என்னைக் கூப்பிட்டார். நான் நின்று, குதிகால் சேர்த்து, ஒழுங்காகக் குனிந்தேன். அந்தக் கிளப்பில் அப்படிக் குனிந்தது நான் ஒருவன்தான். இரண்டு பையன்கள் சிரித்தார்கள்.

அவர் குனியவில்லை. "எந்தத் தோள் என்று நினைவிருக்கிறதா?" என்றார்.

"இடது" என்றேன்.

"வலது" என்று சொல்லிவிட்டுச் சட்டையைப் பிடித்தார்.