லிப்போசோமல் டாக்ஸோரூபிசின் போட்ட நாய்கள்: பாதத்தைப் பாருங்கள்

பாரி வீட்டார், சென்னை:

எங்கள் லேப்ரடார் பாரிக்கு லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தின் சாதாரண வகை சில தவணை போனதும் எக்கோ ஸ்கேனில் இதயம் தளர்ந்திருப்பது தெரிந்தது. அந்த மருந்து உடம்பில் சேரச் சேர நாயின் இதயத்தசையைக் கெடுக்கும். அதனால் டாக்டரம்மா லிப்போசோமல் வகைக்கு மாற்றினார். அதே மருந்துதான், நுண்ணிய கொழுப்புறைக்குள் அடைத்தது. இதயத்துக்கு இதனால் வரும் கெடுதல் குறைவு. ஆனால் தோல் பாடுபடுகிறது. அதைப் பலரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இரண்டாவது தவணைக்குப் பின் அக்குளும் தொடையிடுக்கும் சிவந்து முடி உதிர்ந்தது. பிறகு பாதம். விரலிடுக்கை ஓயாமல் நக்கினான், மாடிப்படி ஏறவே மாட்டேன் என்றான். பார்த்தவர்கள் எல்லாம் உண்ணி, அலர்ஜி என்றார்கள். டாக்டரம்மா காலைத் தூக்கிப் பார்த்ததுமே இது மருந்தால் வந்தது என்று சொல்லிவிட்டார். உறையின் மேல் பெக் (PEG) என்ற பாலிமர் பூச்சு இருப்பதால் மருந்து நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றுகிறது. உரசலும் அழுத்தமும் உள்ள இடங்களில் நுண்குழாய்களிலிருந்து கசிந்து தோலில் தங்குகிறது. இதே மருந்து போடும் மனிதர்களுக்கும் உள்ளங்கை, உள்ளங்காலில் இப்படி வரும்.

அடுத்த தவணையைத் தள்ளிப்போட்டு அளவையும் குறைத்தார். கூடவே பி6, அதாவது பைரிடாக்ஸின். அமெரிக்காவின் விஸ்கான்சினில் லிம்போமா உள்ள 41 நாய்களிடம் இதைச் சோதித்து 1998இல் வெளியிட்டிருக்கிறார்கள். தினம் மூன்று வேளை 50 மி.கி. பி6 வாங்கிய நாய்களைவிட, வெற்று மாத்திரை வாங்கியவற்றுக்குத் தோல் பாதிப்பு கடுமையாகி மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரும் வாய்ப்பு 4.2 மடங்கு அதிகம். பி6 புண்ணை அடியோடு தடுக்கவில்லை, தள்ளிப்போட்டது. பாரிக்கு முதல் தவணையிலேயே தொடங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

வீட்டில் செய்தது: அக்குளில் உரசும் மார்புப் பட்டையைக் கழற்றினோம். தரை சுடும் முன் விடியற்காலையில் மட்டும் கொஞ்சம் நடை. படுக்க மெத்தென்ற பருத்தி விரிப்பு.

கோவை வாசகி:

பாரிக்கு இப்போது எப்படி இருக்கிறது அக்கா? எங்கள் டேஷண்டுக்குத் தோலில் ஒன்றும் வரவில்லை. ட்ரிப் ஏறத் தொடங்கியவுடனேயே வந்தது வேறு. குமட்டி, மலம் கழித்து, ஈறு வெளுத்துத் துவண்டு விழுந்தாள். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. உடனே நிறுத்திச் சலைன் ஏற்றினார்கள். தெளிந்ததும் மிக மெதுவாக மறுபடி தொடங்கினார்கள். லிப்போசோம்களைக் கண்டதும் ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்ற நோயெதிர்ப்புப் புரதங்கள் கிளர்ந்தெழுவதுதான் காரணமாம். பார்வைக்கு அலர்ஜி மாதிரி இருந்தாலும், அந்த மருந்தே படாத உடம்பில் முதல் தவணையிலேயே வரும். நாய்க்கும் பன்றிக்கும் இது சீக்கிரம் வருமாம். எங்களுக்கு அடுத்த தவணை அமைதியாகப் போனது. முதல் தவணை ஏறும்போது நர்ஸ் பக்கத்திலேயே இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.

பாரி வீட்டார்:

புண் ஆறிவருகிறது தங்கை. அக்குளில் முடி முளைத்திருக்கிறது, விரலிடுக்கில் மட்டும் இன்னும் கருமை. நேற்று மாடிக்கு அவனே ஏறி வந்தான். அடுத்த தவணைக்கு முன் நான்கு பாதத்தையும் போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்புகிறேன். அதைப் பார்த்துத்தான் அளவைச் சொல்வார்.