புதுப்பிப்பு: காம்பி காரா, கிரெட்டாவா? வால்பாறை போய் வந்தாச்சு

போன மாதம் கேட்டிருந்தேன்: அப்பா வாங்கிய பழைய ஸ்கோடா ஆக்டேவியா காம்பி டீசல் (தாழ்வான, பின்பக்கம் நீண்ட ஸ்டேஷன் வேகன் கார்), என் ஹூண்டாய் கிரெட்டா (உயரமான எஸ்யூவி), இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று. ஒரே மலைப்பாதையில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள் என்றீர்கள். அடுத்தடுத்த இரண்டு ஞாயிறும் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஓட்டினேன். 40 கொண்டை ஊசி வளைவுகள்.

கிரெட்டாவில் போனபோது, 9ஆவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை வருவதற்குள் பின்சீட்டில் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அடுத்த வாரம் காம்பியில் அதே இடத்தில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். வண்டி தாழ்வாக இருப்பதால் வளைவில் உடம்பு பக்கவாட்டில் சாய்வது குறைவு. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முன்சக்கரம் என்ன செய்கிறது என்பது உள்ளங்கையிலேயே தெரிகிறது. அந்த உணர்வுக்காகவே காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓட்டலாம்.

டிக்கியிலும் காம்பிதான் வசதி. விளிம்பு முழங்கால் உயரம், தேங்காய் மூட்டையைச் சும்மா சரித்து உள்ளே தள்ளினால் போதும். கிரெட்டாவில் இடுப்புவரை தூக்க வேண்டும்.

ஆனால் அம்மாவுக்கு முட்டிவலி. காம்பியில் கதவுச் சட்டத்தைப் பிடித்து, மூச்சை அடக்கி எழுந்திருக்கிறார். கிரெட்டாவில் அப்படியே திரும்பி உட்கார்ந்துவிடுகிறார். எங்கள் தெரு வேகத்தடைகளிலும் கிரெட்டாவின் அடிப்பாகம் உரசுவதே இல்லை.

சரி, முடிவு: விற்கவில்லை. அம்மா அதிகம் இருப்பது திருப்பூரில் அக்கா வீட்டில், கிரெட்டா அங்கே போகிறது. காம்பி என்னோடு. அடுத்த வாரம் அதன் சஸ்பென்ஷன் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் பாகம்) மாற்றுகிறேன்.