புதுப்பிப்பு: அந்தப் பிறைப் பாசி குளோஸ்டீரியம்தான்

குளத்து நீரில் கிடைத்த பிறை வடிவப் பச்சைச் செல்லை முந்தைய பதிவில் மோனோராஃபிடியம் (அதே பிறை வடிவுள்ள வேறொரு பச்சைப்பாசிப் பேரினம்) என்று எழுதியிருந்தேன். அது தவறு, குளோஸ்டீரியம் என்ற பேரினம் என்று திருத்திவிட்டேன்.

நுண்ணோக்கியில் 400 மடங்கில் முனைகளைப் பாருங்கள். இரண்டிலும் ஒரு நுண்குமிழி, அதற்குள் படிகத் துகள்கள் ஓயாமல் துள்ளும். நடுவில் பச்சையற்ற பட்டை, அங்கே உட்கரு. முனையில் துள்ளும் துகள்கள் மோனோராஃபிடியத்தில் கிடையாது. அடுத்து விடப்போகும் அயோடின் செல்லைக் கொன்றுவிடும் என்பதால் இதை முதலில் உயிரோடு பார்த்துவிட வேண்டும்.

இனி சிற்றினம். வயிற்றுப்பக்கம் (பிறையின் உள்வளைவு) நடுவில் புடைத்திருந்ததால் போட்டி குளோஸ்டீரியத்தின் மோனிலிஃபெரம், ஏரன்பெர்கி ஆகிய இரண்டு சிற்றினங்களுக்கும்தான். கவர்சிலிப்பின் ஒரு விளிம்பில் லூகால் அயோடின் ஒரு துளி விட்டு, எதிர் விளிம்பில் வடிதாளால் உறிஞ்சுங்கள். பைரினாய்டுகளை (பசுங்கணிகத்துக்குள் இருக்கும் புரத உருண்டைகள்) சுற்றியுள்ள மாச்சத்து கருக்கும். அவை ஒரே வரிசையில் இருந்தால் மோனிலிஃபெரம், சிதறிக் கிடந்தால் ஏரன்பெர்கி. இங்கே வரிசை.

முதல் முயற்சியில் பசுங்கணிகம் முழுக்கக் கறுத்ததற்குக் காரணம் அயோடின் கடுமை. வெளிர் தேநீர் நிறத்துக்கு நீர்த்தால் புள்ளிகள் பிரிந்து தெரியும்.

நீளம் என்பது வளைவோடு அளப்பதல்ல, முனைக்கு முனை நேர்க்கோடு. பொருளருகு வில்லையை மாற்றினால் கண்ணருகு அளவுகோலை மறுபடி சரிபார்க்கணும். பலர் சறுக்குவது இங்கேதான். செல்சுவரில் வரிகள் உண்டா என்பதைக் காலிச் செல்லில் பாருங்கள். இதில் வழவழப்புதான்.